அட்ரஸ் பாரில் மாறிய மாப்பிள்ளை

கோம்பை முத்துவீரன் மகள் வேல்விழி படித்தது கணக்கு, பிழைத்தது கம்ப்யூட்டரில். கம்பத்தில் சுந்தர்ராஜ் நடத்திய பிரவுசிங் சென்டரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். சுந்தர்ராஜுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமும் இருந்தது. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பத்திரிகை போய்ச் சேர்வதற்குள் இங்கே வளைகாப்பே முடிந்துவிடுகிறது என்று அவர் புலம்ப, 2006-இல் வேல்விழியே ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். கல்யாண விவரமெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். பட்டியலில் ஒரு கல்யாணத்தைத் தட்டினால் பூமாலை ஆட, நாதஸ்வரம் ஒலிக்க, பத்திரிகை விரியும்.

அங்கேதான் சறுக்கினாள். பட்டியலிலிருந்து பத்திரிகைக்குப் பெயர்களை, திரையின் உச்சியில் வெப்சைட் முகவரி தெரிகிற அட்ரஸ் பாரிலேயே ஏற்றி அனுப்பினாள். groom=Nagaraj&bride=Velvizhi என்று மேலே ஒரு வரி ஓடும். பத்திரிகை அதை வாங்கி அப்படியே காட்டும். டேட்டாபேஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மொய் வாசிக்கிறவர் கையில் கொடுத்த சீட்டை அப்படியே மைக்கில் வாசிப்பாரே, அந்த ரகம். "இனிசியல் தப்பா இருந்தா மேல அழிச்சு அடிங்க, கீழ தானா மாறிரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். புத்திசாலிகள் செய்கிற தப்புக்கு எப்போதும் ஒரு பெருமையும் சேர்ந்துகொள்கிறது.

நாகராஜ் என்பது சும்மா உதாரணத்துக்குச் சொன்ன பெயர் இல்லை. கூடலூர்க்காரன், குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் அவளுக்கு மீன்குழம்பு வைக்கத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும், "கல்யாணத்துக்கு அப்புறமும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போவீகள்ல?" என்று கேட்டான். அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. கட்டினால் இவனைத்தான் என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டாள். பெரியவர்கள் பேசி முடித்ததும் அப்படியே அமைந்ததால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அத்தை மகன் விஜயபாண்டி ஒரு பிரிண்ட்டோடு வந்து நின்றான். மணமகன் விஜயபாண்டி, மணமகள் வேல்விழி. அதே தேதி, அதே மண்டபம். காகிதத்தின் அடியில் வெப்சைட் முகவரி வேறு பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பார்த்தவர்களுக்கு அது தாலுகா ஆபீஸ் முத்திரையாகவே தெரிந்தது.

"மாமா, மொறைக்காரன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கம்ப்யூட்டரே ஒத்துக்கிருச்சு. நீங்க என்ன சொல்றீக?"

முத்துவீரனுக்கு வேர்த்துவிட்டது. மகளின் பிளஸ் டூ ரிசல்ட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்ததிலிருந்து, அது சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. "ஏத்தா, நீயே போட்டுட்டு இப்ப இப்பிடி முழிக்கிறயே?" என்றார்.

வேல்விழிக்கு அழுகை முட்டியது. டேட்டாபேஸில் இருப்பது வேறு, மேலே அடிப்பது வேறு என்று விளக்கினாள். "அப்ப உள்ள ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசுது. நம்ம பயலுக மாதிரியில்ல இருக்கு" என்றார் ஊர்ப் பெரியவர் வேலுச்சாமி. கடைசியில், நேரே போய்க் கம்ப்யூட்டரையே கேட்டுவிடுவது என்று முடிவானது.

மறுநாள் பதினோரு பேர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கைகட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தார்கள். சேதி கேட்டு நாகராஜும் தன் சித்தப்பா சங்கரலிங்கத்தோடு வந்து கதவோரம் நின்றான்.

வேல்விழி பட்டியலில் தட்டினாள். நாகராஜ் பெயர் வந்தது. விஜயபாண்டி கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தான். விஜயபாண்டி வந்தது. "மாறிருச்சுப்பா!" என்று கூட்டம் அசந்தது. சங்கரலிங்கம் விடுவாரா? மறுபடி நாகராஜை வரவைத்தார். ஏலக்கடை மாதிரி மாப்பிள்ளை மாறிக்கொண்டே இருந்தார்.

பொறுத்துப் பார்த்த வேல்விழி, இது எவ்வளவு பெரிய கூத்து என்று காட்ட மாப்பிள்ளை இடத்தில் வேலுச்சாமி என்று அடித்தாள். அறுபத்தெட்டு வயது மனுஷர். கோபப்படுவார் என்று பார்த்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்கு. கலர்ல ஒண்ணு எடு தாயி. பஞ்சம்மாளுக்குத் தெரிய வேணாம்."

பஞ்சம்மாள் அவர் சம்சாரம். அதற்குப் பிறகு யாரைக் கேட்க? ஆளாளுக்கு "எம்பேரப் போடு பாப்பம்" என்று முண்டினார்கள். சுந்தர்ராஜ் பிரிண்டருக்குப் புதுக் காகிதக் கட்டைப் பிரித்தார்.

வேல்விழி மேல்வரியில் தன் பெயரை எழுத்தெழுத்தாக அழித்தாள். மணமகள் என்ற சொல்லுக்குக் கீழே வெறும் இடம். அதற்குப் பிறகும் ஐந்து மாப்பிள்ளைகள் மாறினார்கள், ஐந்து பிரிண்ட் வந்தது, விஜயபாண்டி ஒன்றை மடித்துப் பையில்கூட வைத்தான். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பெற்ற அப்பா கண்ணிலும் படவில்லை.

"பொண்ணு பேரு எங்கன?"

கதவோரம் நின்ற நாகராஜ்தான் கேட்டான். முத்துவீரன் கையிலிருந்த காகிதத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்தும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஆத்தா, நீ சொல்லு. ஒனக்கு யாரு?"

"அவுகதேன்ப்பா."

விஜயபாண்டி சட்டைக் காலரைச் சரிசெய்தான்.

"கூடலூர்க்காரவுக" என்றாள் வேல்விழி.

முத்துவீரன் தலையை ஆட்டினார். அத்தோடு வழக்கு முடிந்தது. விஜயபாண்டி அவசரத்தில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனான். வேல்விழி அன்று மதியமே உட்கார்ந்து, அட்ரஸ் பாரில் கல்யாணத்தின் எண் மட்டும் போகிற மாதிரியும், பெயரை டேட்டாபேஸிலிருந்து மட்டுமே எடுக்கிற மாதிரியும் மாற்றி எழுதினாள். முத்துவீரன் ஊருக்குப் போகாமல், அவள் முடிக்கும்வரை பக்கத்து ஸ்டூலில் காத்திருந்தார்.

சாயங்காலம் கோம்பை பஸ்ஸில் அப்பாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். உத்தமபாளையம் தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"தாயி, இது மாதிரி ஒன்னயக் கேக்காம விட்டது இன்னும் எதும் இருக்கா?"

வேல்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நெறைய இருக்குப்பா. கோம்பை வாரதுக்குள்ள முடியாது."