காசிம் பாய் காரின் முன் சீட்

ஆவி, பேய் என்று யாராவது என் ஸ்டூடியோவுக்குள் வந்தால் நான் முதலில் கேட்பது, பிளாஷ் போட்டு எடுத்தீங்களா என்றுதான். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேலே வெள்ளையாக ஒன்று மிதக்கிறது, செத்துப்போன பெரியப்பா வந்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள், நான் வாங்கிப் பார்த்துவிட்டு, அது தூசு, லென்சைத் துடையுங்கள் என்று அனுப்பிவிடுவேன். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒரு ஆவியையும் நான் விட்டுவைத்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. பயந்த கதையாக இருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் இதை நினைத்தால் எனக்கு வருவது பயம் இல்லை, வெட்கம். மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஹேண்டிகேமில் சின்ன கேசட் போட்டு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போது காரின் முன் கண்ணாடியில் டேஷ்கேம் என்று ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள், அப்போது எங்கள் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனாலும் ஒருவர் அதைச் செய்து வைத்திருந்தார். மார்க்கெட்டில் நைலான் கயிறு, வலை, மிதவை விற்கிற காசிம் பாய். வாரத்தில் ஒரு நாள் தன் பழைய பியட் காரில் சரக்கை ஏற்றிக்கொண்டு காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பங்களுக்குப் போய்வருவார். அவருடைய பையன் பிரான்சில் இருந்தான். அம்மா இறந்த பிறகு அவனுக்கு அப்பாவை நினைத்து ஒரே கவலை, வயசாகிவிட்டது, காரை விற்றுவிடுங்கள் என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தான். பாய் மாட்டேன் என்றார். கடைசியில் பையன் ஒரு ஹேண்டிகேமை அனுப்பி, ஓட்டுவதைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றானாம். பாய் பின்சீட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, கயிற்றுக் கடைக்காரர் இல்லையா, நாலு பக்கமும் இழுத்து முடிச்சுப் போட்டு, முன் சீட் இரண்டுக்கும் நடுவிலிருந்து கேமரா ரோட்டைப் பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார். என் கடை ஸ்டாண்டுகூட அப்படி ஆடாமல் நின்றதில்லை.

ஒரு நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தம்பி, படம் தெளிவா வரல. கொஞ்சம் தெளிவா வர்ற மாதிரி செஞ்சி குடுங்களேன்."

அதன் சின்னத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தேன். முன் கண்ணாடி பூராவும் வெயில் பளபளப்பு. டேஷ்போர்டில் விரித்திருந்த வெள்ளைத் துண்டு அப்படியே கண்ணாடியில் விழுந்து ரோட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தது. இடது பக்கம் என்னமோ கலங்கலாக இருந்தது, அதை நான் சட்டை செய்யவில்லை. இந்த நோய்க்கு மருந்து என்னிடம் இருந்தது. போலரைசர் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வளையம், லென்சுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு திருகவேண்டும். ஒரு கோணத்துக்கு வந்ததும் கண்ணாடியில், தண்ணீரில் விழுகிற எதிரொளி எல்லாம் மறைந்து பின்னால் இருப்பது பளிச்சென்று தெரியும், மேலும் திருகினால் பழையபடி வந்துவிடும். படம் கொஞ்சம் இருட்டாகும், வெயில் இருந்தால் அது ஒரு குறையில்லை. கடற்கரையில் ஜோடிகளைப் படம் எடுக்கச் சென்னையில் வாங்கிவைத்திருந்தேன், ஊரில் வேறு யாரிடமும் கிடையாது என்று எனக்கு அதில் ஒரு கர்வம் வேறு.

"கவலைய வுடுங்க பாய், தொடச்சி வச்ச மாதிரி காட்டறேன்."

"மூஞ்சி தெரிஞ்சா போதும் தம்பி."

யார் மூஞ்சி என்று நான் கேட்டிருக்க வேண்டும். எதிரே வருகிறவன் மூஞ்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை காலாப்பட்டுக்குப் போகும்போது நானே கூட வந்து மாட்டிவிடுகிறேன் என்றேன்.

அன்றைக்கு நல்ல வெயில். பின்சீட்டில் கேமரா போக மீதி இடத்தில் கயிற்றுக் கட்டுகள். பாய் அவற்றை ஒதுக்கப் போனார்.

"பின்னால வந்துடுங்க தம்பி, கட்ட தள்ளிட்டா உக்காரலாம்."

"அங்க எங்க பாய் எடம். நான் முன்னாலயே உக்காந்துக்கறேன், திரும்பி திருகிக்கலாம்."

"முன்னால யாரும் உக்கார்றதில்ல" என்றார், மெதுவாகத்தான். அதற்குள் நான் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டியாகிவிட்டது. போதாததற்கு ஒரு சிகரெட்டையும் பற்றவைத்தேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நின்றார், பிறகு வந்து வண்டியை எடுத்தார்.

வித்தியாசம் காட்டவேண்டும் என்று முதலில் வளையத்தைத் திருகாமல் சும்மா ஓடவிட்டேன். பல்கலைக்கழகத்தைத் தாண்டியதும் திரும்பிக் கையை நீட்டித் திருகினேன். துண்டு போச்சு, பளபளப்பு போச்சு, சவுக்குத் தோப்பு, ரோட்டு நடுக்கோடு, எதிரே சென்னை பஸ்ஸின் போர்டு எல்லாம் கேமராவின் சின்னத் திரையில் கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. பார்த்தீங்களா பாய் என்று நான்தான் குதித்தேன். அவர் ஒழுங்காகத்தான் ஓட்டினார், அதில் குற்றம் சொல்ல முடியாது. அவ்வப்போது இடது பக்கம் என்னைத் தாண்டி எதையோ பார்த்தார், அவ்வளவுதான்.

சாயங்காலம் முல்லா வீதியில் அவர் வீட்டு ஹாலில் கேசட்டை டிவியில் போட்டோம். பாய், அவருடைய மருமகன், நான். மகள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் நேராகத் திருகிய இடத்துக்கு ஓட்டி, அதிலிருந்து போட்டுக் காட்டினேன்.

"இன்னா பாய், எப்பிடி?"

பாய் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து இடது ஓரத்தையே பார்த்தார்.

"அவ எங்க தம்பி?"

"யாரு பாய்?"

"முன்னால உக்காந்து வருவாளே."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பாயின் மனைவி உயிரோடிருந்தபோது காலாப்பட்டுக்கு அவரோடு அந்த முன் சீட்டில்தான் போவாராம். தலைக்குக் குளித்திருந்தால், ஊர் தாண்டி ஆள் இல்லாத ரோடு வந்ததும் ஜன்னல் காற்றில் கூந்தலை ஆற்றிக்கொண்டு வருவாராம். அந்த அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது, வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்தவன் நான்தான், பெண்கள் பக்கம் போகவில்லை, நானும் அவரைப் பார்த்தது கிடையாது. அந்த முகத்தைப் பாய் தன் கேசட்டில், முன் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அதைத்தான் தெளிவாக்கித் தரச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார். நான் வளையத்தைப் போட்டு அதைத் துடைத்துவிட்டுப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். நான் சிரித்தேன். பழைய கேசட்டை வாங்கிப் போட்டு, நிறுத்தி, டிவி முன்னால் மண்டியிட்டு விரலை வைத்துப் பாடம் எடுத்தேன், இது எதிரொளி பாய், இந்தத் துண்டு மடிப்பு கண்ணாடியில் விழுகிறது என்று. விரல் வைத்த இடத்தில் அப்போதுதான் நானே சரியாகப் பார்த்தேன். அது துண்டு இல்லை. ஒரு பெண். நம்பினால் நம்புங்கள், கண்ணை மூடி, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண். கண் பார்க்கிறது, ஆனால் ஓடுகிற வாய் நிற்கவேண்டுமே.

"தலைய விரிச்சி போட்டுக்கினு ஒரு பொம்பள குந்தினு இருக்கற மாதிரி தெரியுது பாருங்க, அவ்ளோதான் மேட்டரு."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மகள் குரல் வந்தது. "அத்தா, அத நிறுத்துங்க. அம்மா தலைல துணி இல்ல."

எனக்குக் காது மடல் சுட்டது. எப்படியாவது பேச்சை மாற்றவேண்டும் என்று, இருங்க, இதில் திருகுவதற்கு முன்னால் ஓடியதையும் பார்த்துவிடலாம் என்று என் கேசட்டை மறுபடி போட்டு முதலிலிருந்து ஓடவிட்டேன். வெள்ளைத் துண்டு இருந்தது. பளபளப்பு இருந்தது. இடது பக்கம் அந்த அம்மா இருந்தார். ஆனால் முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கதவோடு கதவாக ஒடுங்கி, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். அன்றைக்கு நான் போட்டிருந்தது நல்ல மஞ்சள் டி-ஷர்ட். கண்ணாடியில் விழவேண்டியது என் மஞ்சள்தானே, என் மீசைதானே. விழவில்லை. என் சிகரெட் புகை மட்டும் அந்த அம்மாவின் முக்காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு திரையில் ஒரு அசைவு, நான் வளையத்தைத் திருகுகிறேன், எல்லாம் போய் ரோடு பளிச்சென்று வந்துவிட்டது. மருமகன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாய்தான் டிவியை நிறுத்தினார். "அன்னிய ஆம்பள வந்து உக்காந்துட்டா அவ வேற இன்னா பண்ணுவா" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில், எனக்காக அவர் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "பாத்தத வெளிய சொல்லாதீங்க தம்பி." அவசரத்தில் யார் செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன், அதுவே தப்பு. அந்த முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பாய் மறுபடி கடைக்கு வந்தார். அந்த வளையத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பிறகு கேமராவைத் திறந்து ஓடவிட்டார். பளபளப்பு எல்லாம் பழையபடி இருந்தது. இடது பக்கம், மஞ்சள் டி-ஷர்ட்டில், காலை நீட்டி, சிகரெட் பிடித்துக்கொண்டு, நான்.

"இது அன்னிக்கி எடுத்ததா பாய்?"

"நேத்து எடுத்தது."

முந்தின நாள் பூராவும் நான் வில்லியனூரில் ஒரு கல்யாணத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஊரே சாட்சி சொல்லும்.

"எல்லா தடவையும் நீங்கதான் வர்றீங்க. அவ வர்றதில்ல." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. கொஞ்சம் எறங்கிக்குங்களேன்."

ஒரு மனுஷன் மரியாதையாகக் கேட்கிறார், நான் கடையில் நிற்கிறேன், எங்கே இருந்து இறங்குவது. ஆனாலும் அவரோடு போனேன். கார் மார்க்கெட் வாசலில் நின்றது, கூடைக்காரர்களும் சைக்கிளும் இடித்துக்கொண்டு போகிற நேரம். இடது பக்கக் கதவைத் திறந்தேன். காலி சீட். அதைப் பார்த்து, மன்னிச்சிக்குங்கம்மா என்றேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், பெண்கள் ஏறும்போது விலகுவோமே, அந்த மாதிரி கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றேன்.

"யாருக்கு சார் கதவ புடிச்சினு நிக்கறீங்க?" என்றான் மூட்டை தூக்குகிற ஒருவன். நான் கதவை மெதுவாகச் சாத்தினேன், பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவர் எந்தக் கேசட்டையும் என்னிடம் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு பையனோடு பிரான்சுக்கே போய்விட்டார், போகும்வரை காரை விற்கவில்லை. இப்போது அதை மருமகன் ஓட்டுகிறார். முன் சீட் காலியாகத்தான் இருக்கிறது, என் கண்ணுக்கு. உழவர்கரைப் பக்கம் எப்போதாவது எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்துத் தலையசைப்பார். பிறகு தன் பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்ப்பார், மறுபடி என்னைப் பார்ப்பார். நான் இறங்கிவிட்டேனா என்று அவரைக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.