கம்பத்தில் ஆள் இருந்த மதியம்

மின்வாரியத்தை உடைத்து, உற்பத்திக்கு ஒரு கம்பெனி, விநியோகத்துக்கு ஒரு கம்பெனி என்று ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட வருடங்களில், நான் திருத்தங்கல் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தேன். வேலை நிலைக்குமா, பென்ஷனை யார் தருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கத்தில் ஒன்று சொன்னார்கள், அதிகாரிகள் வேறொன்று சொன்னார்கள். கூடவே மின்பற்றாக்குறை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் சொன்ன லைனை உடனே நிறுத்த வேண்டும்.

காலண்டர் அச்சடிக்கும் சீசனில் ஒரு மதியம், அச்சகங்களுக்குப் போகும் லைனை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். அந்த இடைவெளியில், கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் விரிசல் விட்ட ஒன்றை மாற்றிவிடலாம் என்று எங்கள் லைன்மேன் என்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கம்பம் ஏறப் போனார். அவர் திரும்பி வந்து சொல்லாமல் லைனைப் போடக் கூடாது.

எதிர்பார்த்ததற்கு முன்பே மறுபடி போன் வந்தது, லைனைக் கொடுக்கலாம் என்று. லைன்மேனின் செல்லுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். அதற்குள் அச்சக முதலாளி ஒருவர் தன் ஆட்களோடு உள்ளே வந்துவிட்டார்.

"கரண்டு குடுக்கச் சொல்லியாச்சுன்னு ஆபீஸ்ல சொல்லுதாக. நீங்க ஏன் போடாம இருக்கீக?"

"கம்பத்துல ஆள் இருக்காரு, அண்ணாச்சி."

"தெனமும் ஒரு சாக்கு. கம்பெனி ஆகட்டும், அப்பத் தெரியும் உங்களுக்கு."

அவருடைய ஆட்கள் நெருங்கி வந்தார்கள். நான் சுவிட்ச் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். மேலதிகாரியும் போனில் ஏன் தாமதம் என்று கேட்டார். யாராவது என்னைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினால் என்ன செய்வேன்?

"நம்பலைன்னா நீங்களே போய்ப் பாருங்க, அண்ணாச்சி. பாத்துட்டு வந்து சொல்லுங்க, போடுதேன்."

முதலாளி முறைத்துப் பார்த்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். திரும்பியபோது பின்னால் லைன்மேன் உட்கார்ந்திருந்தார். செல்லைக் கம்பத்தடியில் கருவிப் பைக்குள் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார்.

முதலாளி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "நான் போகையில ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்காருய்யா" என்றார். லைன்மேன் வேலை முடிந்ததாகச் சொன்னார். லைனைப் போட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் லைன்மேன் கேட்டார்: "ஏலே, கம்பெனி ஆயிட்டா இப்படிப் பொறுத்திருக்க விடுவாகளா?"

பிறகு வாரியத்தைப் பிரித்தார்கள். எங்கள் வேலை போகவில்லை, சம்பளமும் வந்தது. ஆனால் ஓய்வு பெறும்வரை, லைனைப் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி என் கை தயங்கிவிட்டுத்தான் சுவிட்சுக்குப் போகும்.