ஆசையை அளந்த கைப்பிடி

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆராய்ச்சி என்று கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, நனைந்த உடுப்போடு, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் போய் உட்கார்ந்தோம். எனக்கு அன்றைக்கு மனசும் சரியில்லை. ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கைக்காசுக்கு, அதாவது கிலோ கணக்கில் அன்றன்றே கிடைக்கும் காசுக்கு, கொழுந்து எடுப்போம். அதை விட மனசு வராமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. அந்த வாரத்தோடு சேர்வதற்கான தவணை முடிகிறது.

கையில் ஒரு பிடியைத் தந்தார்கள். கணினியில் படம் வரும். பிடியை அமுக்கினால் வெளிச்சமாக நிற்கும், தளர்த்தினால் இருண்டுவிடும். வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவோமாம், அதனால் ஆசையைக் கை பலத்தில் அளக்கிறார்களாம்.

"விருப்பம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அமத்துங்கோ அக்கா," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெண்.

அதை யார் காதில் வாங்கியது? கிலோ குறைந்தால் அரை நாள் சம்பளம் என்று பழகிய கை இது. "மெதுவா அமுக்குனா சோம்பேறின்னு எழுதிருவாங்கடி," என்றாள் பக்கத்தில் இருந்தவள். நானும் நம்பினேன். குளிர்சாதனப் பெட்டி, தங்கச் சங்கிலி, ஏதோ வெளிநாட்டு ஊர் என்று படங்கள் வந்தன. ஒன்றிலும் ஆசை இல்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினேன்.

கடைசிப் படத்தில் ஒரு டீச்சர் வந்தாள். சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். அதற்குள் கை ஓய்ந்துபோய் எனக்கு விரல் மடங்கவே இல்லை. படம் இருண்டுபோனது.

"இன்னொரு தடவ குடுங்க தங்கச்சி, இதுதான் எனக்கு வேணும்."

"ஒருக்காத்தான் அக்கா. இனி மாத்தேலாது."

அவள் மேல் குற்றமில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஆகக் குறைந்த ஆசை அதுதான் என்று பதிவாகிவிட்டது. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டிலும் அப்படித்தானே நடந்துகொண்டிருந்தேன்.

லயத்து வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம இனிமே நான் கைக்காசுக்கு வரலங்க."

"ஏன், ஒடம்புக்கு முடியலயா?"

"முடியுறப்பவே படிக்கப் போயிரணும்."

அவர் சரி என்றார்.

களைப்பு இன்னும் போகவில்லை. வகுப்பில் பாதி நேரம் கண் சொருகுகிறது. ஆனால் உடம்பில் இருக்கிற கொஞ்சத் தெம்பை முதலில் எதற்குக் கொடுப்பது என்று இப்போதெல்லாம் யோசித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.