ஸ்காட்லாந்துக்குக் கட்டம் போட்டவர்

திருத்தணியில் பள்ளிப்பட்டு பஸ் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்தவர், கேட்காமலே என் சட்டை நுனியைப் பிடித்து, சாயம் ஏறிய நகத்தால் இழைகளை எண்ணினார். நான் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தறிக்காரராம். கட்டம் போட்ட பச்சைத் துணி ஒன்றைக் காட்டினார்.

"ஸ்காட்லாந்துல குடும்பத்துக்கு ஒரு கட்டம் சார். இது அங்க ஒரு குடும்பத்தோடது, நான்தான் டிசைன் போட்டேன்."

நான் நம்பவில்லை. நடுவில் ஓடிய ஒற்றை மஞ்சள் கோட்டைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றேன்.

"அவங்களும் கேட்டாங்க. உங்க முன்னோருங்க மலைல பூத்த பூவுன்னு சொல்லிட்டேன். இப்ப பேரப்பசங்களுக்கும் அதையே சொல்லிகினு இருக்காங்க."

"நெஜமா எதுக்கு?"

"காவடிக்கு நெய்ஞ்சதுல மிஞ்சின நூலுங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி என் சட்டையைத் தடவி, "உங்க பூர்வீகம் எது சார்?" என்றார்.

வாய்க்கு வந்த ஊர் ஒன்றைச் சொன்னேன்.

"அந்த ஊருக்குச் செவப்புக் கோடுதான் சார்," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.