கையை இறக்காமல் நின்ற மகன்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் என் மூத்த மகள் ஆசிரியை என்பதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். இது இலங்கையில் போர் நடந்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது.

கடைசி மகனுக்கு அப்போது இருபது வயது கடந்திருந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை, ஆனால் பேச்சில்லை. தெரியாதவர் யாரும் தொட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அது ஓட்டிசம் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தியவள் மூத்தவள்தான். கிழமை நாட்களில் படிப்பித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் அதைப் பற்றிய பட்டப்பின் படிப்புக்குப் போனாள். தம்பிக்காகவே போனாள்.

அவன் ஓடுவான் என்பதுதான் எங்கள் பயம். சந்திக்குச் சந்தி ஆமி, அதுதான் இராணுவம், நிற்கிற ஊரில் ஒரு தமிழ்ப் பெடியன் ஓடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நடக்கப்போவதை முன்கூட்டியே நடித்துப் பழக்கினால் இப்படியான பிள்ளைகளுக்குப் பயம் குறையும் என்று மகள் வகுப்பில் படித்துவிட்டு வந்தாள்.

"அம்மா, நீங்கதான் ஆமி."

"ஏனடி, என்ர மூஞ்சையைப் பாத்தா ஆமிக்காரன் மாதிரியே கிடக்கு?"

"கோவம் வரேக்க அப்பிடித்தான். தொப்பியைப் போடுங்கோ."

அவள் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பேன். மகன் கைகளை விரிப்பான். உடம்பைத் தடவிச் சோதித்து முடித்ததும், "ஹரி" என்பேன். சிங்களத்தில் சரி என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவன் கையை இறக்கலாம். வேறு யாரும் கூப்பிட்டு அவன் பாதியில் நடந்துவிடக்கூடாது என்று, சோதித்தவரே அதைச் சொல்ல வேண்டும் என மகள் கண்டிப்பாகப் பழக்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலை. மகள் வகுப்புக்குப் போய்விட்டாள். நானும் மகனும் கோயிலுக்கு நடந்தோம். ஒழுங்கை முடிவில் புதிதாக ஒரு சோதனைத் தடை போட்டிருந்தார்கள். கண்ட பிறகு திரும்பினால் சந்தேகப்படுவார்கள். போனோம்.

"அத் தெக உஸ்ஸன்ன" என்றான் ஆமிக்காரன். கைகளை உயர்த்தச் சொல்கிறான். மகன் விரித்தான். ஆமிக்காரன் பொக்கற், இடுப்பு, கால் எல்லாம் தடவினான். மகன் அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. போகலாம் என்று துவக்கின் குழல் முனையால் காட்டிவிட்டு அவன் அடுத்த ஆளைப் பார்த்தான்.

மகன் கையை இறக்கவில்லை.

"யன்ன!" போ என்றான். மகன் அப்படியே நின்றான். ஆமிக்காரன் திரும்பி வந்து ஒரு கையைப் பிடித்துக் கீழே அமத்தினான். கை மறுபடி மேலே வந்தது.

"விஹிளுத?" பகிடியா, விளையாட்டா என்று கத்தினான். கூட நின்ற மற்ற ஆமிக்காரன் தோளில் இருந்த துவக்கைக் கையில் எடுத்தான். மகனுடைய தொண்டையில் "ம்ம்ம்" என்ற சத்தம் தொடங்கியது. ஓடுவதற்கு முன்னால் வருகிற சத்தம் அது.

"ஹரி மோனை, ஹரி" என்றேன். என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆமிக்காரனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, சோதித்தவனே சொல்லட்டும் என்று நிற்கிறான். என்னுடையது சந்தைச் சிங்களம். மகனைப் பற்றிச் சொல்ல "பிஸ்ஸு" என்ற ஒரு சொல்தான் தெரியும். பைத்தியம் என்று அர்த்தம். தொண்டை வரை வந்ததை விழுங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டு, "மஹத்தயா, ஹரி கியன்ன. மஹத்தயா கியன்ன" என்றேன். ஹரி என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா.

அவன் என்னைப் பார்த்தான், மகனைப் பார்த்தான்.

"ஹரி... ஹரி மல்லி. யன்ன." மல்லி என்றால் தம்பி.

கைகள் இறங்கின. மகன் கோயில் பக்கம் நடக்கத் தொடங்கினான்.

பின்னேரம் மகளிடம் சொன்னபோது அழுதுவிட்டாள். "அவன் ஒரு பிழையும் விடேல்லையே அம்மா" என்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தொப்பியை நீட்டினாள். "இனி ஹரி சொல்லாதேங்கோ. சும்மா திரும்பி நில்லுங்கோ."

திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவன் கையை விரித்தபடி காத்திருந்தான். தானாக இறக்கப் பழகக் கனநாள் எடுத்தது.

இப்போது தடைகள் இல்லை. கடை வாசலில் சீருடைக் காவலாளியைக் கண்டால் அவன் இன்னும் கைகளை விரிக்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். சொன்னபடி எல்லாம் செய்த பிள்ளையையும் ஒரு சொல்லுக்காக இழந்திருப்பேனே என்ற பயம், அவன் கை இறங்கும் வரை என் நெஞ்சை விட்டுப் போவதில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி பாப்பம். மெல்ல வாசி, மாமா பக்கத்தில இருக்கிறான்.