போலீஸ் வந்துவிட்ட வெள்ளிக்கிழமை

எர்லீன் காஸ்கின்ஸ் வாஷிங்டன் நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் பஸ் போனதே தவிர அதட்டல் போகவில்லை. தெருவில் யார் நடந்தாலும் அவள் கண்ணுக்கு டிக்கெட் வாங்காமல் ஏறிய பயணிதான். புருஷன் ராய்ஸ் பால்டிமோரில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று தெரிந்த அன்று, துவைக்கிற துணி பாதியாகக் குறைந்தது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். டிப்போவில் காலி பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை அவளிடம் கேட்கும் தைரியம் ஒருத்தருக்கும் வந்ததில்லை.

அவள் வீடு ஆற்றுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. அந்தக் கரையில் வெள்ளைப் பளிங்குக் கட்டடங்களும் நாட்டை ஆளுகிறவர்களும். இந்தக் கரையில் ஆளப்படுகிறவர்கள். அந்தக் கரையில் பூந்தொட்டி உடைந்தால் போலீஸ் வரும். இந்தக் கரையில் மண்டை உடைந்தாலும் ஆம்புலன்ஸ்தான் வரும், அதுவும் வழி விசாரித்துக்கொண்டு.

மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் போலீஸும் பொதுமக்களும் கூடிப் பேசுவார்கள். போலீஸ் டோனட் கொண்டுவரும், ஜனங்கள் புகார் கொண்டுவருவார்கள், கடைசியில் டோனட் மட்டும் தீர்ந்திருக்கும். எர்லீன் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, "எங்க தெருவுக்கு எப்பதான்யா போலீஸ் வரும்?" என்று கேட்பாள். ஆள் பற்றாக்குறை என்பார்கள். "டோனட் தூக்க மட்டும் ஆறு பேர் வந்திருக்கீங்களே" என்பாள்.

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டு லத்தீஷா, கல்லூரிக்குப் போக இருந்த பெண், பஸ் நிறுத்தத்தில் யாரையோ குறிவைத்துச் சுட்ட குண்டுக்குச் செத்தாள். போலீஸைக் கூப்பிட்டது எர்லீன்தான். அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போலீஸ் கார் வரும் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள். கார் வருவதற்கு முன்பே மடியில் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தாடியஸ் மோப்லி.

மோப்லி பக்கத்து வீட்டுக்காரர், தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர், பெண்டாட்டி செத்துப்போய்த் தனியாக இருக்கிறவர். அவர் போகிற சபையில் ஆர்கனும் கிடையாது, பியானோவும் கிடையாது. இழுத்து இழுத்து ஊதுகிற நீளக்குழாய் வாத்தியமான டிராம்போன்கள்தான், அதுவும் ஒரு படையே. மோப்லிதான் அதற்குத் தலைவர். எர்லீன் பாப்டிஸ்ட், கடவுளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று நம்புகிற சபையைச் சேர்ந்தவள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மோப்லி முன் வராந்தாவில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைப் பழகுவார். எர்லீன் அவசர எண்ணுக்குப் போன் போடுவாள்.

"மிஸ் காஸ்கின்ஸ், டிராம்போனா?" என்பாள் எதிர்முனைப் பெண். குரல் பழகிப்போயிருந்தது.

"பின்ன என்ன பீரங்கியா?"

"ஆள் அனுப்புறோம்."

ஒரு ஈ காக்காய் வராது. எர்லீன் வேலியோரம் போய் நிற்பாள். "யோவ் மோப்லி, போலீஸுக்குச் சொல்லிட்டேன்."

"வரட்டும் மிஸ் எர்லீன். அவங்க வர்றதுக்குள்ள பைபிளையே வாசிச்சு முடிச்சிருவேன்."

வாசித்து முடித்ததும் வேலிமேல் ஒரு தட்டு வரும்: வறுத்த மீன், மேலே இனிப்பும் காரமுமாக மம்போ சாஸ். மறுநாள் தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது உப்புக் குறைவு என்று ஒரு புகாரும் சேர்த்துக் கொடுப்பாள். வருஷக் கணக்காக இதுதான் நடந்தது. இரண்டு பேருக்கும் வேறு பேச்சுவார்த்தை பெரிதாகக் கிடையாது, தேவையும் படவில்லை.

அந்தக் கோடையில் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் வந்தது. தலைநகரத்தில் குற்றம் மலிந்துவிட்டது, போலீஸைப் பெருக்கு என்று உத்தரவு. பெருக்கினார்கள். மூலைக்கு ஒரு கார். பஸ் நிறுத்தத்தில் நாலு பேர். வெளி மாநிலங்களிலிருந்து சிப்பாய்களும் வந்து இறங்கினார்கள். சோளக்காட்டைத் தவிர வேறெதையும் பார்த்திராத பிள்ளைகள், வேலை இல்லாமல் பூங்காவில் குப்பை பொறுக்கினார்கள். எர்லீன் அதில் குற்றம் காணவில்லை. அந்தக் குப்பையைப் பொறுக்கச் சொல்லி எத்தனையோ கூட்டத்தில் கத்தியவள் அவள்தான். விளக்குக் கோபுரம் ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். அது அவள் படுக்கையறையில் பட்டப்பகலாக அடித்தது, போர்வையை ஜன்னலில் மாட்டிக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினாள்.

கார்க் கண்ணாடி உடைவது நின்றது, உண்மைதான். முடிதிருத்தும் கடை வாசலில் சீட்டாடுகிற கிழவர்களும் காணாமல் போனார்கள். அதை எர்லீன் முதலில் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மோப்லி வாசிக்க ஆரம்பித்தார். எர்லீன் கை தன்பாட்டில் போனை எடுத்தது. எதிர்முனையில் புதுக் குரல். விலாசம் கேட்டது, என்ன தொந்தரவு என்று கேட்டது. "பக்கத்து வீட்டுல ஒருத்தன் தெருவையே கலக்கிட்டிருக்கான்" என்று வழக்கம்போலச் சொன்னாள்.

"ஆள் அனுப்புறோம்."

எர்லீன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலிக்குப் போவதற்குள் மூன்று கார்கள் வந்து நின்றன. அவளுக்கு முதலில் யாருக்காக வந்திருக்கிறார்கள் என்றே புரியவில்லை. எங்கேயோ பெரிதாக நடந்துவிட்டது என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வாத்தியத்தைக் கீழே வைங்க" என்றான் ஒரு இளம் போலீஸ்காரன்.

மோப்லி சபையில் பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் கிடையாது. யாராவது மயங்கி விழுந்தால்கூடப் பாட்டு முடிந்த பிறகுதான் தூக்குவார்கள். மோப்லி ஒரு விரலைக் காட்டினார், கொஞ்சம் பொறு என்று. அந்த நேரம் பார்த்து ஒரு அடித்தொண்டைச் சுரம். டிராம்போனின் நீளக்குழாய் விருட்டென்று முன்னால் நீண்டது. கூட வந்திருந்த சோளக்காட்டுச் சிப்பாய் ஒருவன் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பாய்ந்து படுத்தான். அவ்வளவுதான். கைவிலங்கு, கார்க் கதவு, உத்தரவுக்குக் கீழ்ப்படியாத குற்றம். டிராம்போன் சாட்சிப் பொருள்.

காரில் ஏற்றும்போது மோப்லி வேலிப்பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எர்லீன் தாங்கியிருப்பாள்.

"வந்துட்டாங்களே, மிஸ் எர்லீன்" என்றார்.

மறுநாள் காலையில் நீதிமன்றம் இதெல்லாம் ஒரு வழக்கா என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. டிராம்போன் வரவில்லை. சாட்சிப் பொருள் அறை திங்கட்கிழமைதான் திறக்குமாம். ஞாயிற்றுக்கிழமையோ அவர் சபைக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்: தெருவை அடைத்து, தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டு, வெள்ளை உடுப்பு போட்ட நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே சமயத்தில் ஞானஸ்நானம். முதல் சுரம் மோப்லியுடையது. இறந்துபோன அவர் பெண்டாட்டி வாங்கிக் கொடுத்த டிராம்போன் அது. வேறொன்றில் அவர் வாய் வைக்கமாட்டார் என்று எர்லீனுக்குத் தெரியும்.

அவர் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எதுன்னாலும் போலீஸ்கிட்ட சொல்லுங்க, மிஸ் எர்லீன். உங்களுக்குத்தான் வர்றாங்களே."

எர்லீனுக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போனாள்.

கேப்டன் ஸ்ட்ரிக்லண்ட் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார். "வாங்க மேடம். பாத்தீங்களா, நீங்க கூப்பிட்டதும் எப்படி வந்தோம்? அடுத்த கூட்டத்துல உங்களை மேடையேத்திப் பேசச் சொல்லலாம்னு இருக்கோம்."

"மேடை கிடக்கட்டும். டிராம்போனக் குடுங்க."

"அது சாட்சிப் பொருள் மேடம்."

"எதுக்குச் சாட்சி? வழக்கே இல்லன்னுட்டானே ஜட்ஜு."

"புகார் குடுத்தது நீங்கதானே? தொந்தரவுன்னு சொன்னது நீங்கதானே?"

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவள் சபைப் பாடகர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள், காதைத் தீட்டிக்கொண்டு. எர்லீனுக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை வயசில் இப்படி ஒரு கூச்சம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். "வெள்ளிக்கிழமைன்னா அவரு வாசிப்பாரு. நான் உங்களுக்குப் போன் பண்ணுவேன். நீங்க வரமாட்டீங்க. அப்புறம் அவரு மீன் குடுப்பாரு. அதான் எங்க பழக்கம்."

"அப்ப, நாங்க வரக்கூடாதுன்னா போன் பண்ணீங்க?"

"நீங்க வருவீங்கன்னு யாருய்யா கண்டா?"

பெஞ்சு சிரித்தது. கேப்டனுக்குக் காது சிவந்தது. எர்லீன் சிரிக்கவில்லை.

"லத்தீஷா பஸ் ஸ்டாப்புல கிடந்தப்பவும் நான்தான் கூப்பிட்டேன். அன்னிக்கு ஒரே ஒரு கார், அதுவும் எல்லாம் முடிஞ்சப்புறம். நேத்து ஒரு கிழவரு சாமி பாட்டு வாசிச்சதுக்கு மூணு கார். இதையா நான் இத்தன வருஷமா உங்ககிட்ட கேட்டேன்?"

அன்றைக்குத் தாமதமாக வந்த காரை ஓட்டியவர் ஸ்ட்ரிக்லண்ட்தான். அப்போது அவர் கேப்டன் இல்லை.

"சாவி யார்கிட்ட இருக்குன்னு பாக்குறேன்" என்று உள்ளே போனார்.

சாவிக்காரர் மீன்பிடிக்கப் போயிருந்தார். அவரைக் கரையேற்றிக் கொண்டுவர மறுநாள் காலையாகிவிட்டது. எர்லீன் தன் சபைக்குப் போகாமல், பூ வைத்த தொப்பியோடு டிராம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்க வெள்ளைவெளேர் என்று ஜனம். வாத்தியக் குழுவின் நடுவில் மோப்லி வெறும் கையோடு நின்றிருந்தார். அவள் பெட்டியை அவர் கையில் திணிக்கவும் தீயணைப்பு வண்டி தண்ணீரைத் திறக்கவும் சரியாக இருந்தது. தொப்பி பறந்தது. ஏற்கெனவே முறைப்படி ஞானஸ்நானம் வாங்கியிருந்த எர்லீன் காஸ்கின்ஸுக்கு இரண்டாவது முறையும் தலை முதல் கால்வரை கிடைத்தது.

மோப்லி அவளைப் பார்த்தார். டிராம்போனை எடுத்து வாயில் வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மூலையில் போலீஸ் கார் நின்றது. மோப்லி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார், டிராம்போன் மடியில் கிடந்தது, வாசிக்கவில்லை. காரைப் பார்ப்பார், துணியால் குழாயைத் துடைப்பார், மறுபடி காரைப் பார்ப்பார். தெருவில் ஒரு சத்தம் இல்லை. இந்த அமைதிக்காகத்தான் எர்லீன் இத்தனை காலம் தொண்டை வறளக் கத்தியிருந்தாள். அது கிடைத்தபோது அவளால் தன் வீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. போனை எடுத்தாள். பக்கத்து வீட்டில் மணி அடித்தது.

"ஒரு புகார்" என்றாள்.

"என்ன புகார்? நான் வாசிக்கவே இல்லையே மிஸ் எர்லீன்."

"அதான்யா புகாரு."

மோப்லி சிரித்துவிட்டு நிறுத்தினார். "கார் நிக்குது பாத்தீங்களா?"

"நிக்கட்டும். நீ ஆரம்பி. அத நான் பாத்துக்கறேன்."

பாட்டு ஆரம்பித்தது. மூலையில் காரின் விளக்கு எரிந்தது. அதற்குள் எர்லீன் படியிறங்கி, நடுத்தெருவில் நடந்து, கார் கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே போன வாரத்து இளம் போலீஸ்காரன்.

"நல்லவேளை வந்தப்பா. உன்கிட்ட நெறைய புகார் இருக்கு. முதல்ல அந்தத் தெருவிளக்கு..."

விளக்கில் தொடங்கி, ரோட்டுக் குழி, மூடிய மருந்துக்கடை, ராத்திரி கூவுகிற கார் அலாரம் என்று போனாள். அவன் கதவைத் திறக்கப் பார்க்கும்போதெல்லாம் ஒரு புதுப் புகாரை எடுத்து வைத்தாள். கடைசிப் புகாருக்கு லத்தீஷா என்று பெயர். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவனும் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டான். அவர்களுக்குப் பின்னால் மோப்லி பாட்டை அவசரமில்லாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது வேலிமேல் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கார் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள்.

"தட்டைக் கழுவிக் குடுக்கணும்" என்றாள்.