படகுப் படத்துக்கு ஒரு திருத்தம்

காசிமேட்டு விசைப்படகுகளை உரிமையாளர் பெயரோடு படமெடுத்துப் போட்ட என் இணையதளத்தை, ஆறு வருடம் கழித்து இன்று ராயபுரம் பிரவுசிங் சென்டரில் திறந்தேன்.

படங்கள் வந்தன. எழுத்தெல்லாம் கிறுக்கல். அன்றைய தமிழ் எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை.

"இன்னா சார், பூச்சி ஊர்ன மாதிரி கீது?" என்றார் கடைக்காரர்.

"தமிழ்தான்."

"நானும் தமிழ்லதான் சார் பட்ச்சேன்!"

தளத்தின் விருந்தினர் பதிவேட்டில் ஒருவர் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்த தமிழை மட்டும் படிக்க முடிந்தது:

"மூணாவது படத்துல கீறது எங்க நைனா போட். வேற ஆளு பேரைப் போட்டுகீறீங்க. குப்பமே சிரிக்குது. மாத்துங்க."

நான் போட்ட பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை. சரியான பெயரை அவரும் எழுதவில்லை.

பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாளே திருத்தம் போடுகிறவன் நான்.

பழைய எழுத்துரு வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள். அந்த நைனாவைத் தெரிந்தவர்கள், நான் காசிமேடு பக்கம் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.